எதிரெடை

மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி,
இரண்டையும் கட்டிய ஒரே வடம்.
சௌபாத்தி பேல்பூரிக்காரர் இதை
எட்டு ரூபாய் ரயில் என்பார்.
மலபார் ஹில் வீட்டுக்காரர்களுக்கு இது லிஃப்ட்.
பதினாலு வருடமாகப் பிரேக் பிடிக்கிற நான்
தராசு என்றுதான் சொல்வேன்.

காலை ஆறேகால் நடையில்
பாத்திரம் தேய்க்கிறவர்கள் மேலே போகிறார்கள்,
கொழுப்பைக் கரைக்கிறவர்கள் கீழே வருகிறார்கள்.
மோட்டார் செய்வது பாதி வேலைதான்.
மீதியை இறங்குகிறவர்கள் செய்கிறார்கள்,
தங்களுக்கே தெரியாமல்.

சேட்டுகள் இளைக்க இளைக்க
கம்பெனிக்குக் கரண்ட் பில் ஏறுதுடா
என்று கவடேயிடம் ஒருநாள் சொன்னேன்.
சொல்லி முடிக்க நாலு நடை ஆயிற்று.
ஐந்தாவது நடையில் சிரித்தான்.

அவன் அந்தப் பெட்டி, நான் இந்தப் பெட்டி.
ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்,
ஒரு டீ ஒன்றாகக் குடித்ததில்லை.
நடுச்சரிவில் ஒற்றைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து
இரை விழுங்கிய பாம்பாய்ப் புடைக்கிற இடத்தில்
பதினோரு விநாடி பார்த்துக்கொள்வோம்.
பையனுக்கு ஜுரம்.
சம்பளம் வந்துருச்சா.
வடத்துல புது கிரீஸ், பாத்து.
அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம்.

ஜூலையில் ஒரு காலை
கரண்ட் போயிற்று.
பிரேக் தானாகக் கடித்துக்கொண்டது.
சரியாக அந்த வயிற்றில்
இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில்
நின்றன.
மழை கண்ணாடியை அறைந்தது.
கீழே கடல் கருங்கல் சுவரைத் தாண்டி
ரோட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது,
டிக்கெட் இல்லாமல்.

என் பெட்டியில் ஜன்னலோரம் சீனிக்கனி,
தாராவியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
அந்த ஜன்னலில் ரூபல்பென்,
வெள்ளை ஷூ, மடியில் சாக்குப்பை நிறத்தில் ஒரு நாய்.
நடுவே ஒன்றரை முழம்.
ஒன்பது வருடமாக
ஒருத்தி நாற்காலியிலும் ஒருத்தி தரையிலும் இருந்தவர்களை
யாரோ ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ரூபல்பென் முதலில் போனைப் பார்த்தாள்.
சிக்னல் இல்லை.
கூரையைப் பார்த்தாள்.
பிறகு பள்ளத்தைப் பார்த்தாள்,
அவ்வளவுதான், கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன.
நாய்கூட சும்மாதான் இருந்தது.

சீனிக்கனி கண்ணாடியை இறக்கினாள்.
அவள் ஹிந்தியில் திருநெல்வேலி கொஞ்சம் ஒழுகும்.
"கீழே பாக்காதீங்க பாபி.
என்னைப் பாருங்க."

ரூபல்பென் பார்த்தாள்.
மழை ஓய்ந்து மறுபடி பிடித்தது,
அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:
"மூக்குத்தி எப்ப போட்ட?"
"கல்யாணத்துல."
"எப்ப கல்யாணம்?"
"மூத்தவ காலேஜ் போறா பாபி."

நானும் கவடேயும்?
பதினாலு வருடம் சேர்த்து வைத்ததெல்லாம்
ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.
அவன் சுண்ணாம்பு டப்பியை நீட்டினான்.
நான் புகையிலை போடுவதில்லை,
அது அவனுக்கு இதுவரை தெரியாது.
இருவரும் வைப்பரைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தோம்,
பெண் பார்க்க வந்த வீட்டில்
தனியே விடப்பட்ட சம்பந்திகள் மாதிரி.

நாற்பதாவது நிமிடம் வடம் முனகியது.
இழுபட்டு ஏறத் தொடங்கினோம், அவர்கள் நழுவினார்கள்.
இரண்டு ஜன்னலிலும் இரண்டு முகம்
கழுத்து திரும்பும் மட்டும் திரும்பி,
பிறகு முடியவில்லை.

மேலே இறங்கும்போது சீனிக்கனி கேட்டது
"லேட்டுக்குப் பிடிப்பாங்களாண்ணே?"
எனக்கு எப்படித் தெரியும்.
ஈரக் குடையை உதறிக்கொண்டு
சாவியைத் தேடியபடி போனாள்.

அடுத்த நடையில் அதே வளைவு.
கவடே பற்களில் சிவப்போடு எட்டிப்பார்த்துக்
கத்தினான்:
"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், நேத்து ராத்திரி என் பொண்டாட்டி..."

அவன் போய்விட்டான்.
மீதிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.